தரைக்கு அடியில் இருந்து கேட்டவன்

'பசிபிக் ஓவர்ச்சர்ஸ்' என்ற மியூசிக்கல், அதாவது பாட்டு நாடகம், நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயில் முதன்முதலாக மேடையேறி ஐம்பது வருஷம் முடிந்துவிட்டது. 1976 ஜனவரி 11, விண்டர் கார்டன் தியேட்டர். 193 காட்சிகள் ஓடியது, ஜூன் கடைசியில் எடுத்துவிட்டார்கள். போட்ட பணம் திரும்பவில்லை. பிராட்வேயின் பெரிய விருதான டோனிக்குப் பத்துப் பரிந்துரைகள், இரண்டுதான் தேறின, மேடை அமைப்புக்கு ஒன்று, உடைக்கு ஒன்று. மற்றதில் பெரும்பாலானதை 'எ கோரஸ் லைன்' என்ற இன்னொரு மியூசிக்கல் வாரிக்கொண்டு போன வருஷம் அது.

நான் பிறப்பதற்கு முந்தைய கதை. கடல் தாண்டிப் போய் ஒரு மியூசிக்கல்கூட நேரில் பார்க்காத சென்னைக்காரனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். பதினைந்து வருஷமாக இதன் பாட்டுகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், அதுதான் வேலை. இது மறுபடி பிராட்வேயில் முழுசாக ஏற வேண்டும் என்று உலகம் முழுக்க ஒரு கூட்டம் காத்துக்கிடக்கிறது. சின்னக் கூட்டம்தான். அதில் கடைசி வரிசையில் நானும் நிற்கிறேன்.

கதை தெரியாதவர்களுக்காக. இருநூறு வருஷத்துக்கும் மேலாக ஜப்பான் வெளியாட்களுக்குக் கதவைச் சாத்தி வைத்திருந்தது. 1853இல் அமெரிக்கக் கடற்படைத் தளபதி பெர்ரி நான்கு கப்பல்களோடு வந்து நின்றார். கரும்புகை கக்கும் கப்பல்களைப் பார்த்து ஊர் நடுங்கியது. நாடகத்தின் தலைப்பே பெர்ரியின் கடிதத்தில் வரும் ஒரு சொற்றொடர். சமாதானத்துக்கான முன்முயற்சி என்று பொருள். பீரங்கியைத் திருப்பி வைத்துக்கொண்டு சமாதானம் பேசியிருக்கிறார் மனுஷன். 'திறந்துவிடு' என்று வெளியே இருந்து ஒருவன் கதவைத் தட்டினால் உள்ளே இருப்பவர்களுக்கு என்ன ஆகும் என்பதைத்தான் இசையமைப்பாளர் ஸ்டீபன் சாண்ட்ஹைம் பாட்டாகவும் ஜான் வைட்மன் வசனமாகவும் எழுதினார்கள். இயக்கியவர் ஹெரால்ட் பிரின்ஸ்.

காதல் கதை கிடையாது. வெளியே வந்ததும் முணுமுணுக்க ஒரு பாட்டு கிடையாது. ஜப்பானின் பழைய நாடக வடிவமான கபுகி பாணியில், பெண் வேடங்களையும் ஆண்களே கட்டினார்கள். பார்வையாளர்களுக்கு நடுவே நடிகர்கள் நடந்துவர ஒரு பாதை போட்டார்கள். கதையை எடுத்துச் சொல்ல ஒருவர், ரிசைட்டர் என்று பெயர். அவரே கதை சொல்வார், கிண்டலடிப்பார், திடீரென்று தானே ஒரு பாத்திரமாகிப் போவார். முதல் மேடையேற்றத்தில் மாக்கோ என்ற நடிகர் அதைச் செய்தார். சின்ன வயதில் தாத்தாவின் தோளில் உட்கார்ந்து செய்யாறு பக்கம் தெருக்கூத்து பார்த்தவன் நான். மாக்கோவின் குரலை முதல் தடவை கேட்டபோது 'அட, நம்ம கட்டியக்காரன்!' என்றுதான் தோன்றியது. பாஞ்சாலியாக ஒரு மீசைக்காரர் வந்து நின்றாலும் விடியற்காலையில் அவருக்காக அழுகிற ஊரில் இதெல்லாம் ஒரு கஷ்டமான விஷயமே இல்லை. 1976இல் நியூயார்க்கில் டிக்கெட் வாங்கியவர்களுக்குக் கஷ்டமாக இருந்திருக்கிறது.

என்னைப் பிடித்து உட்கார வைத்தது ஒரே பாட்டு. 'சம்ஒன் இன் எ ட்ரீ'. வெளிநாட்டான் கால் ஜப்பான் மண்ணில் படக் கூடாது என்பது சட்டம். கால் வைக்காதே என்று சொல்ல பலம் இல்லை. அதனால் கடற்கரை மணல் முழுக்கப் பாய் விரித்து, அதன் மேல் ஒரு வீடு கட்டி, பேச்சுவார்த்தையை அங்கேயே முடித்து அனுப்பிவிடலாம், அப்புறம் எல்லாவற்றையும் அழித்துவிட்டால் மண்ணில் யாரும் கால் வைக்கவில்லை என்று ஆகிவிடும். இந்த யோசனை வருமே, அதற்கே எழுந்து நின்று கைதட்டலாம். சரி, அந்த வீட்டுக்குள் என்ன பேசினார்கள்? ஜப்பான் பக்கத்தில் இதற்குக் குறிப்பே இல்லை என்கிறார் ரிசைட்டர். அப்போது ஒரு கிழவர் வந்து, நான் அங்கே இருந்தேனே, பையனாக இருந்தேன், மரத்தில் ஏறி உட்கார்ந்து பார்த்தேன் என்கிறார். அந்தப் பையனே வந்து மரத்தில் ஏறுகிறான். அவனுக்கு உள்ளே நடப்பது தெரிகிறது, ஒரு சொல் காதில் விழவில்லை. வீட்டுத் தரைக்கு அடியில் வாளோடு ஒரு வீரன் ஒளிந்திருக்கிறான். அவனுக்கு எல்லாம் கேட்கிறது, எதுவும் தெரியவில்லை. ஒருத்தன் பார்த்ததையும் ஒருத்தன் கேட்டதையும் ஒரு கிழவரின் பாதி மறதியையும் ஒட்டிப் போட்டால் அதுதான் சரித்திரம். ஒரே சுரக்கோவை திரும்பத் திரும்ப வந்துகொண்டே, நமக்குத் தெரியாமல் மெல்ல நகர்கிறது. தான் எழுதியதில் தனக்கு மிகவும் பிடித்த பாட்டு இதுதான் என்று சாண்ட்ஹைம் பல தடவை சொல்லியிருக்கிறார்.

என் நிலைமை அந்தத் தரைக்கு அடியில் கிடக்கும் வீரனின் நிலைமைதான். குறுந்தகட்டில் கேட்கிறேன், மேடை தெரியவில்லை. முதல் மேடையேற்றத்தின்போது ஜப்பான் தொலைக்காட்சிக்காக எடுத்த ஒரு பதிவு இணையத்தில் சுற்றுகிறது. மங்கல், கோடு கோடாக ஓடும். அதைப் பார்ப்பது மரத்தில் ஏறி இலை இடுக்கில் பார்ப்பது மாதிரி.

'ஏன் புலம்புகிறாய், அங்கங்கே போட்டுக்கொண்டுதானே இருக்கிறார்கள்' என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். 2004இல் ஸ்டூடியோ 54 அரங்கில் பி. டி. வாங் ரிசைட்டராக வந்தார், 69 காட்சிகள். பிராட்வேயைப் பொறுத்தவரை அதுதான் கடைசி. அதற்கு முந்தைய வருஷம் லண்டன் டான்மரில், 2017இல் நியூயார்க்கின் கிளாசிக் ஸ்டேஜில், 2023இல் லண்டன் மெனியர் சாக்லேட் ஃபாக்டரியில். டான்மர் இவற்றில் பெரியது, அதிலேயே சுமார் 250 பேர்தான் உட்கார முடியும். மற்ற இரண்டும் இருநூறு பேரைத் தாண்டாத இடங்கள். விண்டர் கார்டனில் சுமார் 1,500 பேர் பார்த்த நாடகம் இது.

கிளாசிக் ஸ்டேஜில் நடந்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஜார்ஜ் டகேய் ரிசைட்டர். இயக்கம் ஜான் டாய்ல், எதையும் எலும்பு வரை சீவிவிடுவதில் பேர் வாங்கியவர். இடைவேளை இல்லாமல் தொண்ணூறு நிமிஷம், இக்கால உடை, 'கிரிசாந்திமம் டீ' பாட்டையே தூக்கிவிட்டார். ஜப்பானை ஆண்ட ராணுவத் தலைவரான ஷோகனின் அம்மா மகனுக்குத் தேநீரில் விஷம் வைத்துக்கொண்டே அறிவுரை சொல்லும் பாட்டு அது. விருந்துக்குக் கூப்பிட்டு வடை பாயசத்தை மட்டும் எடுத்துவிட்டேன் என்று சொல்வது மாதிரி. அழகாகவே இருந்தது என்று பார்த்தவர்கள் எழுதினார்கள், இருந்திருக்கும். ஆனால் இது ஆடம்பரத்தைப் பற்றிய நாடகம். முதல் பாதியில் இருக்கும் பட்டும் சடங்கும் கண் நிறையத் தெரிந்தால்தானே பின்பாதியில் எது கையை விட்டுப் போனது என்று நமக்கு உறைக்கும்? பணம் இல்லாமல் எளிமையாகச் செய்தால் புரிந்துகொள்வேன். எளிமைதான் ஆழம் என்று சொல்லிவிட்டுச் செய்யும்போதுதான் எரிச்சல் வருகிறது.

மெனியரில் வந்தபோது எங்கள் கூட்டத்துக்குத் தலைகால் புரியவில்லை. காரணம் உண்டு. சாண்ட்ஹைமின் 'சண்டே இன் த பார்க் வித் ஜார்ஜ்', 'எ லிட்டில் நைட் மியூசிக்', இரண்டும் அந்தச் சின்ன அரங்கில் மறுபடி பிறந்துதான் பிராட்வே போயின. அவருடைய 'மெரிலி வி ரோல் அலாங்' கதை இன்னும் பெரியது. 1981இல் பதினாறே காட்சியில் செத்த நாடகம். 2012இல் மெனியரில் இயக்குநர் மரியா ஃப்ரீட்மன் எடுத்தார், விடாமல் பிடித்துக்கொண்டிருந்து 2023இல் பிராட்வே கொண்டுபோனார், நான்கு டோனி. ஹாரி பாட்டர் படங்களின் டேனியல் ராட்க்ளிஃபும் ஜோனதன் கிராஃபும் நடித்தார்கள் என்பதும் ஒரு காரணம், மறுக்கவில்லை. இருந்தாலும் பதினாறு காட்சி நாடகத்துக்கே அந்த யோகம் என்றால், 193 ஓடியதற்கு ஏன் இல்லை? 'பசிபிக் ஓவர்ச்சர்ஸ்' ஒசாகாவின் உமேடா அரங்கத்தோடு சேர்ந்து தயாரித்ததால், லண்டனுக்கு முன்பே ஜப்பானில் ஜப்பானிய நடிகர்களோடு போட்டுவிட்டுத்தான் வந்தார்கள். இதற்கு மேல் என்ன ஜாதகப் பொருத்தம் வேண்டும்? 2024 பிப்ரவரியில் லண்டனில் முடிந்தது. அதோடு சரி.

பிராட்வே தயாரிப்பாளர்களைத் திட்டுவது சுலபம். அவர்கள் பயத்திலும் நியாயம் இருக்கிறது. 2022இல் 'கேபாப்' என்ற, கொரிய பாப் பாடகர்களைப் பற்றிய மியூசிக்கல் பதினேழு காட்சியில் மூடப்பட்டது. ராட்க்ளிஃப் மாதிரி ஒரு பெயரை இதில் நுழைக்க முடியாது, நுழைக்கவும் கூடாது, நடிகர்கள் ஆசிய வம்சாவளியாக இருக்க வேண்டும். இன்னொரு கேள்வியும் உண்டு: ஜப்பானியர் கண்ணால் பார்க்கிறோம் என்று அமெரிக்கர்கள் எழுதியதை எதற்குத் தூக்கிக் கொண்டாட வேண்டும்? நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்த நல்ல பதில் ஜப்பானிய இயக்குநர் அமோன் மியாமோட்டோ. 2000இல் டோக்கியோவில் இதை ஜப்பானிய மொழியில் போட்டார், 2002இல் அதையே நியூயார்க்கில் கொண்டுவந்து காட்டினார், 2004 பிராட்வே மேடையேற்றமும் அவருடையதுதான். அடுத்த முறை போடுகிறவர்களும் அவர் மாதிரி ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, பட்ஜெட்டில் மட்டும் கை வைக்காமல் ஒதுங்கி இருக்கட்டும்.

'எ பௌலர் ஹேட்' பாட்டைச் சொல்லாமல் முடிக்க மனசில்லை. கயாமா என்ற சின்ன அதிகாரி, பாய் விரிக்கும் யோசனை சொன்னவர். வருஷங்கள் ஓட ஓடத் தொப்பி வருகிறது, சட்டைப்பை கடிகாரம் வருகிறது, மூக்குக்கண்ணாடி வருகிறது. ஒரே பாட்டுக்குள் மனுஷன் வேறு ஆளாகிவிடுகிறார். கூடவே அவருடைய நண்பர் மஞ்சிரோ, அமெரிக்காவில் வளர்ந்த மீனவர், எதிர்த்திசையில் சாமுராயாக மாறிக்கொண்டிருக்கிறார், வாயே திறக்காமல். எங்கள் வீட்டுக் கூடத்தில் கொள்ளுத்தாத்தா படம் ஒன்று தொங்குகிறது. மேலே கறுப்புக் கோட்டு, கடிகாரச் சங்கிலி, தலைப்பாகை. இடுப்பில் பஞ்சகச்சம், காலில் செருப்புகூட இல்லை. இந்தப் பாட்டு ஓடும்போது அந்தப் பக்கம் திரும்பாமல் இருக்க முடிந்ததே இல்லை.

மெனியரில் என் தங்கை பார்த்தாள். லண்டனில் வேலை பார்க்கிறவள், பாட்டு நாடகம் எல்லாம் அவளுக்கு அவ்வளவாக ஆகாது. என் நச்சரிப்பு தாங்காமல் போனாள். ராத்திரி போன் பண்ணினாள்.

"நல்லா இருந்துச்சுண்ணா. எனக்கு முன்னாடி ஒரு நெட்டை மனுஷன், பாதி அவர் தலைதான்."

"அந்த மரத்துப் பாட்டு?"

"அதான் வந்துச்சே. கிழவர், பையன், கீழ ஒருத்தன்."

"பையன் எங்கே ஏறினான்? மரம் வச்சிருந்தாங்களா, சும்மா நடிச்சானா? முடியும்போது மூணு பேரும் எங்கே நிக்கிறாங்க?"

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"அது சரியாப் பாக்கலைண்ணா. ஏன்னே தெரியலை, அழுகை வந்துருச்சு."