தணிக்கையாளருக்கு லீவு கொடுப்பது யார்?

நேற்றிலிருந்து எல்லோரும் பகிர்கிறீர்களே, பல்கலைக்கழகத்தின் அந்த மாறுதல் ஆணையைப் பற்றித்தான். 'நிர்வாக நலன் கருதி'யாம். ஆய்வகக் கொள்முதலுக்குத் தடை, அதாவது ஆட்சேபக் குறிப்பு, எழுதிய உள்தணிக்கை அலுவலர், எழுதிய மை காய்வதற்குள் தேர்வுப் பிரிவுக்குப் போய்விட்டார். நிர்வாகத்துக்குத்தான் என்ன நலன்!

நான் கேட்பது ஒன்றுதான். உள்தணிக்கை செய்பவருக்கு லீவு கொடுப்பது யார்? மாறுதல் போடுவது யார்? யாருடைய கணக்கைப் பார்க்கிறாரோ அவர்களே. அப்புறம் அவர் என்னத்தை எழுதுவார்?

கணக்குப் பிரிவில் காலமெல்லாம் குப்பை கொட்டியவன் நான். டெண்டர் விட வேண்டிய தொகை துண்டு துண்டாக உடைந்து பில்லாக வரும். எங்கள் ஆடிட் செக்‌ஷன்காரர் ஒருமுறை 1998ஆம் ஆண்டு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தைச் சுட்டிக் குறிப்பு எழுதினார். கோப்பு மேலிடத்திலிருந்து 'பேசவும்' என்று திரும்பி வந்தது. போய்ப் பேசினார். அதன்பிறகு டிக் மட்டும்தான் போட்டார்.

இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரை உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்கும் முறையில்தான் நீக்க முடியும். பதவி முடிந்தபின் அரசில் வேறு பதவியும் கிடையாது. அரசியலமைப்பின் 148ஆவது பிரிவு அது. பங்குச்சந்தைக் கம்பெனியின் தணிக்கைக் குழுவில்கூடச் சுயேச்சை இயக்குநர்களே பெரும்பான்மை என்கிறது 2013 கம்பெனிகள் சட்டம். ஏழைப் பிள்ளைகள் படிக்கும் இடத்துக்கு மட்டும் அதெல்லாம் ஆடம்பரமோ?

"அதான் உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை இருக்கே, ஏஜி ஆபீஸ் (மாநிலக் கணக்காயர் அலுவலகம்) ஆடிட் வருதே" என்பார்கள். வரும். செலவு முடிந்து, செய்தவர் பென்ஷன் வாங்கி வீட்டில் உட்கார்ந்த பிறகு வரும். "தணிக்கையாளரே கை நீட்டினால்?" பிடித்து உள்ளே போடுங்கள், யார் வேண்டாம் என்றது? "துணைவேந்தருக்கு ஆளை மாற்றும் அதிகாரம்கூட இல்லையா?" இந்த ஓர் ஆள் விஷயத்தில் இருக்கக் கூடாது. பல்கலைக்கழகத்தின் நிர்வாகக் குழுவான ஆட்சிக்குழுதான் நியமிக்க வேண்டும், ஆட்சிக்குழுதான் மாற்ற வேண்டும், அறிக்கையும் நேராக அங்கேதான் போக வேண்டும். லீவு உட்பட.

போன பதிவில் ஒரு பேராசிரியர் 'குமாஸ்தா புத்தி' என்று எழுதிவிட்டுப் போனார். ஐயா, உங்கள் பயணப்படி பில்லில் விட்டுப்போன ரயில் டிக்கெட்டைத் தேடி எடுத்து ஒட்டியதும் இந்தக் குமாஸ்தா புத்திதான். அப்போது இனித்தது. கேள்வி மேலே போனால்தான் கசக்கிறது. தடை எழுதியவரை ஊரே சந்தேகத்தோடு பார்க்கிறது, பில் போட்டவர் மேடையில் பொன்னாடை வாங்குகிறார். தடை எழுதியவர் வீட்டில் பிள்ளைகள் என்ன கேட்டிருப்பார்கள் என்று யாராவது நினைத்தீர்களா?

சாதாரண மாறுதல்தான் என்கிறவர்கள், அவர் எழுதிய அந்தக் குறிப்பை அடுத்த ஆட்சிக்குழுக் கூட்டத்தில் வைக்கச் சொல்லுங்கள். வைக்கட்டும், அப்புறம் பேசுவோம்.