நைட் டூட்டி முடித்து வரும் பிள்ளையைத் தூங்க விடுங்கள்

எங்கள் பாம்பனில், கடலுக்குப் போய்விட்டுக் கரையேறிய மனுஷன் வீட்டில் படுத்துவிட்டால் தெருவில் விளையாடும் பிள்ளைகளைக்கூட அதட்டி விரட்டுவார்கள். "அப்பா தூங்குறாங்க, சத்தம் போடாதே" என்று கேட்டுத்தான் நானும் வளர்ந்தேன். அதே வீட்டில் நர்சிங் முடித்த மகள் ராத்திரி முழுக்க வார்டில் நின்றுவிட்டு வந்து படுத்தால், பத்து மணிக்கே "இன்னுமா தூக்கம்? தேங்காய் அரைச்சுக் கொடு" என்று எழுப்புகிறோம். எனக்கு மனசு ஆறவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாசம், ஒரு நாள் விடியக்காலை நாலு மணிக்கு ஆறாம் பெட்டின் பிபியை ஏழாம் பெட் சார்ட்டில் எழுதிவிட்டேன். 160/100. ஓவர் கொடுக்கும்போது, அதாவது அடுத்த ஷிப்டிடம் வார்டை ஒப்படைக்கும்போது, மூத்த சிஸ்டர் கண்டுபிடித்தார். திட்டவில்லை. "மூணுலேருந்து அஞ்சு வரைக்கும் உன் கண்ணை நம்பாதே. இன்சுலின் ஏத்தினாலும் பக்கத்துல இருக்கறவளைக் கூப்பிட்டுக் காட்டு" என்றார். இன்றுவரை அப்படித்தான் செய்கிறேன். உடம்புச் சூடு ரொம்பத் தணிந்து, கவனமும் மங்கிக் கிடக்கும் நேரம் அது. புதுப் பிள்ளைகள் அப்போது தடுமாறினால் அதைச் சோம்பல் என்று சொல்லாதீர்கள்.

டூட்டி போடுகிறவர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். நம் உடம்புக் கடிகாரம் 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் நீளம். அதனால் தூங்கும் நேரம் தள்ளிப் போவது அதற்குச் சுலபம்; மார்னிங், ஈவினிங், நைட் என்று முன்னோக்கிப் போனால் உடம்பு ஓரளவு பழகும். நைட் முடித்த கையோடு மறுநாளே மார்னிங் போடுவது கொடுமை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, இரவு ஷிப்டைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றில் ஒன்றாக 2007-லேயே சேர்த்துவிட்டது. வருஷக்கணக்கில் செய்கிற வேலை இது, விளையாட்டில்லை.

பிள்ளைகளே, டீ, காப்பியை ராத்திரி இரண்டு மணியோடு நிறுத்துங்கள். காலையில் மண்டபம் தாண்டிப் பாலத்தில் பஸ் ஏறியதும் வெயில் நேராக முகத்தில் அடிக்கும். துப்பட்டாவால் கண்ணை மூடிக்கொள்ளுங்கள், அந்த வெளிச்சம் பட்டால் வருகிற தூக்கமும் ஓடிவிடும். எங்கம்மா, என் அப்பாவின் பழைய கைலியை இரண்டாக மடித்து ஜன்னலில் கட்டிவிடுவார். அறை கும்மென்று இருட்டிவிடும், செலவே இல்லை.

போன வாரம் எங்கள் வார்டுப் பிள்ளை ஒருத்தி "வேலை கஷ்டமில்லக்கா, தூக்கம்தான் இல்ல" என்று அழுதாள். சரி என்று அவள் வீட்டுக்கே போய்ப் பேசினேன். அம்மா தயங்கினார். வலையைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்த அப்பா தலை நிமிராமலே சொன்னார்: "இனிமே நான் படுக்கிற ரூம்ல பிள்ளை படுக்கட்டும். நான் திண்ணையில படுத்துக்கிறேன்."