சக்கரம் மட்டும் அழுக்குங்களாமா

சனிக்கிழமை ஒரு பெரிய ஓட்டலுக்கு வீல்சேர்ல போனேன், வாசல்ல படி மட்டுந்தான், உள்ள தூக்கிட்டுப் போறோம்னாங்க. அந்தக் கதைய ஸ்டோரில பாத்தவங்க கமெண்ட்ல ஒரே புத்திமதி. "அவுங்கதான் தூக்கிட்டுப் போறோம்னு மரியாதையா சொன்னாங்கல்ல, அப்பறம் எதுக்கு இத்தன கோவம்"ங்கறீங்க. எனக்குத் தூக்க ஆள் வேண்டாமுங்க. வீல்சேர் ஏறற மாதிரி சரிவா ஒரு சாய்தளம் வேணும். அவ்வளவுதான் விஷயம், இதுக்கு மேல படிக்கலைன்னாலும் பரவால்ல.

தூக்கறதுன்னா என்னன்னு தெரியுமுங்களா? சாம்பார் வாளி புடிச்சிட்டிருந்த ரெண்டு தம்பிங்க கைய துண்டுல தொடச்சுட்டு வந்து ஒருத்தர் கக்கத்துல, ஒருத்தர் முழங்காலுக்கு அடில கை குடுப்பாங்க. எனக்கு முப்பத்தெட்டு வயசு. கட்டுன சேலை எங்க ஏறுதுன்னு எனக்குத்தான் பதைக்கும், வாசல்ல சீட்டுக்கு நிக்கற கூட்டம் மொத்தமும் பாத்துட்டு நிக்கும். அந்தத் தம்பிங்கள ஒண்ணும் சொல்லலீங்க, நல்ல பசங்க.

சூப்பர்வைசர் சொன்னதுதான் இன்னும் எரியுது. "வீல்சேர வெளியவே விட்டுருங்க, சைவ ஓட்டலுங்க, சுத்தபத்தமா வெச்சிருக்கறோம், சக்கரம் ரோட்டு அழுக்கு பாருங்க." அவர் பேசிட்டிருக்கறப்பவே மழைச் சேத்துச் செருப்போட ஒரு குடும்பமே உள்ள போகுது. அவங்க எல்லாம் சிறுவாணித் தண்ணில கால் கழுவிட்டு வந்தாங்களாமா? அப்பறம் பெரிய மனசு பண்ணி, பின்னாடி அரிசி மூட்டை ஏத்தற சறுக்கு இருக்குது, அதுல வர்றீங்களான்னாரு. ஆக, மூட்டைக்குச் சாய்தளம் இருக்குதுங்க. கட்டத் தெரியாமயோ காசு இல்லாமயோ இல்ல.

"பழைய கட்டடம், என்ன பண்ணுவாங்க"ன்னு ஒருத்தர். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் வந்தது 2016. தனியார் கட்டடமே ஆனாலும் பொதுமக்கள் வந்து போனா அதுக்கும் பொருந்தும். பழைய கட்டடத்த மாத்த, அந்தச் சட்டத்தோட விதி வந்ததுலருந்து 5 வருஷம் டைம், விதி வந்தது 2017, கணக்கு நீங்களே போட்டுக்கங்க. 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட்டும் இந்த மாதிரி வசதிக்கான விதியெல்லாம் வெறும் பரிந்துரையா இருந்தா பத்தாது, கட்டாயமாக்குங்கன்னு சொல்லியாச்சு. ஒரு அடி உசரத்துக்கு 12 அடி நீளத்துல சாய்தளம், அந்த வாசல்ல ஒரு கார் நிக்கற இடம் போதும். சின்னக் கடைக்காரங்க? அதுக்கு என்கிட்ட முழுசா பதில் இல்லீங்க, ரோட்டு மேல ரோடு போட்டு உசத்திட்டே போனா தண்ணி உள்ள வராம இருக்க அவங்களும் படி கட்டித்தான் ஆகணும். ஆனா நான் போனது சின்னக் கடை இல்லீங்களே.

சின்னக் கடைன்னதும் ஞாபகம் வருது, கோபி பக்கம் ஒரு டிபன் கடை, மண்ணு மட்டத்துலயே இருக்கும். அந்தக்கா பெஞ்ச அக்கட்டால இழுத்துப் போட்டுட்டு "வா கண்ணு, சந்தவை சூடா இருக்குது"ன்னு தேங்காப்பால் ஊத்துச்சு. அதோட சரி, அடுத்த ஆளுக்கு இலை போடப் போயிருச்சு.

"ஆர்டர் பண்ணித் தின்னா என்ன?" வருஷக்கணக்கா அதத்தான பண்றனுங்க. நெய் ரோஸ்ட் ஊடு வந்து சேரறப்ப ஈரத்துணியாட்ட கெடக்கும். என்ர அண்ணன் புள்ளைக பொறந்தநாளுக்குக் கூட "அத்தைக்குக் கஷ்டம், பார்சலே வாங்கிக்கலாம்"னு பழகிப்போச்சு. பெரியவ இப்பெல்லாம் வெளிய சாப்பிடப் போனா எங்கிட்ட சொல்றதே இல்ல. அவ மேல கோவமில்ல. இல்லைன்னுதான் சொல்லிக்கறேன்.

ஓட்டல் பேரு கேட்டு இன்பாக்ஸ் வராதீங்க, சொல்ல மாட்டேன். ரெண்டு நாள் அவங்கள மட்டும் திட்டிப்போட்டு மறந்துருவீங்க. அப்பறம் மொத கமெண்ட்டே "அனுசரிச்சுப் போ கண்ணு"ன்னு போட்ட சித்தப்பா, உங்க புது மண்டபத் திறப்பு விழாப் பத்திரிகை வந்துச்சுங்க. போட்டோவும் பாத்தேன். ஏழு படி, கிரானைட்டு. நெம்ப நல்லாருக்குது.