எல்லா மதங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தவர்கள்

எல்லா மதங்களையும் சீர்தூக்கிப் பார்த்த பிறகே தம் மதம் சிறந்தது என்ற முடிவுக்கு வந்ததாகச் சொல்பவர்கள் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். அவ்வளவு நடுநிலையோடு ஆராய்ந்தவர்களில் பெரும்பாலோருக்குப் பெற்றோரின் மதமே முதலிடம் பெற்றுவிடுவதுதான் வியப்பு. தம் மதத்து ஞானிகளை அடுத்த மதத்து வெறியர்களோடு ஒப்பிட்டால் வேறு என்ன முடிவு வரும்?

உண்மையாகவே தேடித் தேர்ந்தவராகக் கீவ் நகரை ஆண்ட விளாதிமிரைச் சொல்லலாம். 988-ஆம் ஆண்டில் கிறித்தவத்தைத் தழுவிய இம்மன்னர், அதற்கு முன் பல மதத்தாரையும் அழைத்து விசாரித்ததாகவும், வழிபாடுகளை நேரில் பார்த்துவரத் தூதர்களை அனுப்பியதாகவும் ருசியரின் பழைய வரலாற்றுக் குறிப்பேடு கூறுகிறது. இசுலாத்தில் மதுவுக்கு இடமில்லை என்று கேட்டதும், குடிப்பதுதான் எம் மக்களின் மகிழ்ச்சி, அது இல்லாமல் எங்களால் இருக்க இயலாது என்று மறுத்துவிட்டாராம். பைசாந்தியப் பேரரசின் தலைநகரான கான்ஸ்தாந்திநோபிளில் கிறித்தவப் பேராலயத்தைக் கண்டு திரும்பிய தூதர்களோ, தாங்கள் நின்றது விண்ணிலா மண்ணிலா என்றே தெரியவில்லை என்றார்கள். பைசாந்தியப் பேரரசரின் தங்கை அன்னாவை மணப்பதற்குக் கிறித்தவத் திருமுழுக்கு நிபந்தனையாக இருந்தது என்பதையும் சேர்த்துக்கொண்டால், மது, அழகு, திருமணம் ஆகிய மூன்றும் செய்த வேலையில் இறையியலுக்கு அதிகம் மிச்சமில்லை.

இதைப் படித்துச் சிரிக்கலாம். எனக்கோ அவர் நேர்மையானவராகவே தெரிகிறார். மறுமையை யாரும் போய்ச் சரிபார்த்துத் திரும்ப முடியாது. எதை உண்ணக்கூடாது, எத்தனை நாள் நோன்பிருக்க வேண்டும், எத்தனை மணிக்கு எழுந்து தொழ வேண்டும், யாரை மணக்கலாம் என்பவை மட்டுமே தேர்ந்தெடுப்பவரால் முன்கூட்டியே எண்ணிப் பார்க்கக்கூடியவை. விடியற்காலையில் எழ முடியாதவர் அந்தக் குறையை ஒப்புக்கொள்ளாமல் தத்துவச் சிக்கல் என்று பெயர் சூட்டுவதுதான் எனக்கு உறுத்துகிறது.

தமிழ்க் காப்பிய நாயகி மணிமேகலை முற்றிலும் வேறு வகை. ஆண் துறவியின் வடிவில் வஞ்சி மாநகருக்குச் சென்று, அளவைவாதி, சைவவாதி, வைணவவாதி, ஆசீவகவாதி, நிகண்டவாதி (சமணர்) என ஒவ்வொருவரிடமும் அவரவர் கொள்கையை அவள் பொறுமையாகக் கேட்கிறாள். நேரில் காணும் காட்சி ஒன்றே சான்று என்ற பூதவாதியிடம் மட்டும், உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய் என்று சிரித்துக்கொண்டே மடக்குகிறாள். (காப்பியத்தில் எனக்கு மிகவும் பிடித்த சிரிப்பு இது.) பின்னர் காஞ்சியில் அறவண அடிகளிடம் பௌத்த அறம் கேட்கிறாள். நேர்காணல் முறைப்படிதான் நடந்தது. யாருக்கு வேலை என்பது வாசகருக்கு முன்பே தெரிந்திருந்தது.

பொது விவாதத்தாலும் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. 1254-இல் மங்கோலியப் பேரரசர் மோங்கே கான் தம் தலைநகர் காரகோரத்தில் கிறித்தவரையும் முஸ்லிம்களையும் பௌத்தரையும் எதிரெதிரே வாதிடச் செய்தார். அதில் வாதிட்ட ரூப்ருக் வில்லியம் என்ற கிறித்தவத் துறவி எழுதிய குறிப்பின்படி, யாரும் மதம் மாறவில்லை. முடிவில் எல்லோரும் நிறையக் குடித்தார்கள்.

விதிவிலக்கு உண்டு. இந்துவாக இறக்க மாட்டேன் என்று 1935-இல் இயோலாவில் அறிவித்த அம்பேத்கர், 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பௌத்தம் ஏற்கும் வரை 21 ஆண்டுகள் எடுத்துக்கொண்டார். அவருடைய அளவுகோலும் இவ்வுலகத்தைச் சேர்ந்ததே: சக மனிதனைச் சமமாக நடத்துகிறதா என்பதே அவருக்கு முதன்மையான கேள்வி. தேர்ந்ததை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், தமக்கேற்ற விளக்கத்தையும் 22 உறுதிமொழிகளையும் சேர்த்தே கொடுத்தார்.

எதிலும் மனநிறைவு கொள்ளாத அக்பர், 1575-இல் பத்தேபூர் சிக்ரியில் தொழுகை மன்றம் அமைத்துப் பல மதத்தாரின் வாதங்களையும் கேட்டபின், தாமே ஒரு நெறியைத் தொடங்கினார். பேரரசரே அழைத்தும் அதில் முறையாகச் சேர்ந்தவர்கள் சிலரே. படைத்தலைவர் மான்சிங்கோ, இந்துவாக இருக்கிறேன், ஆணையிட்டால் முஸ்லிமாகிறேன், இவ்விரண்டும் அல்லாத வேறு வழி எனக்குத் தெரியாது என்று பணிவாகச் சொல்லிவிட்டதாக அக்கால வரலாற்றாசிரியர் பதாவுனி எழுதியிருக்கிறார்.