அரைக் கிலோ மல்லி, அரைத் தாள்

3 ÷ ½ எவ்வளவு என்று ஏழாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். "தலைகீழாக்கிப் பெருக்கு" என்று மனப்பாடம் பண்ணிய பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு 6 போட்டுவிடும். நாமும் ஒரு டிக் அடித்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவோம். அதே பிள்ளையிடம், மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் இந்தக் கணக்கு எப்போது வரும் என்று இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். "3 கிலோ மல்லி இருந்துச்சு. பாதியாப் பிரிச்சு அக்காவுக்குக் குடுத்தேன்" என்று வரும். அது 3 ÷ 2, விடை ஒன்றரை. தாளின் மேலே 6 இருக்கிறது, கீழே கதை ஒன்றரையில் முடிகிறது. இரண்டும் ஒன்றோடொன்று இடிப்பதே பிள்ளைக்குத் தெரியவில்லை. "3 கிலோவை அரைக் கிலோ பையில போட்டா 6 பை" என்று எழுதிய பிள்ளைக்குத்தான் வகுத்தல் பிடிபட்டிருக்கிறது.

தப்பான விடையாவது நம்மைக் கூப்பிட்டுச் சொல்லும், சரியான விடை வாயைத் திறக்காது. அதனால்தான் கணக்கு பீரியடில் பிள்ளைகள் வாக்கியம் எழுதியே ஆகவேண்டும் என்கிறேன். தமிழ்நாட்டில் 2022இல் 1 முதல் 3ஆம் வகுப்பு வரை ஒரு திட்டம் தொடங்கினார்கள், பெயரே 'எண்ணும் எழுத்தும்'. மேல் வகுப்புக்குப் போனதும் எண்ணுக்கு ஒரு பீரியட், எழுத்துக்கு வேறு பீரியட் என்று ஆகிவிடுகிறது.

எழுத்து என்றதும் 'அன்றாட வாழ்வில் கணிதம்' என்று நாலு பக்கக் கட்டுரை வேண்டாம். அது பேச்சுப் போட்டிக்கு ஆகும். அரைத் தாள், ஐந்து நிமிடம், ஒரே கேள்வி. வாரத்துக்கு இரண்டு முறை போதும். 40 தாளை ஒன்றுக்கு 20 விநாடி வைத்துப் படித்தால் 13 நிமிடத்தில் முடிந்துவிடும். திருத்தவே கூடாது, மூன்று கட்டாகப் பிரித்தால் போதும்: புரிந்தவை, ஒரே மாதிரி தப்பு உள்ளவை, என்ன சொல்ல வருகிறது என்று தெரியாதவை. மறுநாள் இரண்டாவது கட்டிலிருந்து ஒரு தாளைப் பெயர் சொல்லாமல், நம் கையெழுத்தில் போர்டில் எழுதி, "எந்த வரி வரைக்கும் சரி?" என்று கேட்டுவிட்டுப் பாடத்தைத் தொடங்கலாம். பிள்ளையின் தாளையே தூக்கிக் காட்டினால் கையெழுத்தை வைத்து யார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அதோடு அந்தப் பிள்ளை உண்மையாக எழுதுவது நின்றுபோகும்.

இந்த இரண்டாவது கட்டில்தான் சரக்கே இருக்கிறது. 3 எக்ஸ் = 12 என்பதற்கு ஒரு பிள்ளை 9 என்று எழுதினால் கவனக்குறைவு என்று நினைப்போம். ஏன் என்று எழுதச் சொன்னால், "3 அங்கிட்டுப் போச்சு, குறி மாறி மைனஸ் ஆச்சு, 12ல 3 போக 9" என்று வருகிறது. பிள்ளை விதியைச் சரியாகத்தான் பின்பற்றியிருக்கிறது, நாம் கொடுத்த விதிதான் அரைகுறை. 'அங்கிட்டுப் போனா குறி மாறும்' என்பது கூட்டல் கழித்தலுக்குத்தான். இங்கே 3 பெருக்கலாக இருக்கிறது, இருபக்கமும் 3ஆல் வகுக்கவேண்டும், விடை 4. 'மைனஸும் மைனஸும் பிளஸ்' என்ற மந்திரமும் இதே ரகம்: –3 – 5க்கு –8 போடாமல் 8 போடுகிற பிள்ளைகள் அதிலிருந்துதான் கிளம்புகிறார்கள். குறுக்குவழி சொல்லிக்கொடுக்கும் நாம்தான் இதற்குப் பொறுப்பு, இதில் ஒளிவுமறைவு வேண்டாம்.

சதவீதத்துக்கு ஆடித் தள்ளுபடியை எடுத்துக்கொள்ளுங்கள். 1000 ரூபாய் சுங்குடிச் சேலைக்கு முதலில் 20%, பில் போடும்போது மேலும் 10%. "மொத்தம் 30% குறையும், 700 குடுத்தாப் போதும்" என்று எழுதிய பிள்ளையிடம் தப்பு என்று சொல்லவேண்டாம், "இரண்டாவது 10% எதுல 10%?" என்று மட்டும் தாளில் எழுதித் திருப்பிக் கொடுங்கள். 800இல் 80 என்று தானே வந்து 720ஐப் பிடித்துவிடும்.

சொதப்புகிற இடங்களும் உண்டு. "இன்று என்ன கற்றாய்?" என்று கேட்டால் "பின்னம் கற்றேன், எளிமையாக இருந்தது" என்றுதான் வரும், அது கேள்வியின் குற்றம். போர்டை அழிக்காமல் எழுதச் சொன்னால் 40 தாளிலும் ஒரே வாக்கியம் இருக்கும். மார்க் போட்டால் கைடில் இருக்கிற வரி வந்து உட்காரும். கடைசி பீரியடில் வைத்தால் காது பெல்லுக்கும் கண் பஸ்ஸுக்கும் போய்விடும்.

மொழி விஷயத்தில் கொஞ்சம் பிடிவாதமாகவே சொல்கிறேன்: ஒற்றுப்பிழைக்குச் சிவப்பு மை எடுக்காதீர்கள். "இங்கிட்டு", "அம்புட்டும்" எல்லாம் இருந்துவிட்டுப் போகட்டும். இங்கிலீஷ் மீடியம் பிள்ளை "டினாமினேட்டர் ஒண்ணா இல்ல, அதான் கூட்ட முடியல" என்று எழுதினால் எனக்கு அது முழு வாக்கியம். எழுத்தே கூட்டத் தெரியாத பிள்ளை இருந்தால் அது சொல்லச் சொல்லப் பக்கத்திலிருப்பவர் எழுதட்டும். ஆனால் ஒரு வார்த்தையும் மாற்றக்கூடாது என்று முன்னமே சொல்லிவிடவேண்டும், இல்லாவிட்டால் எழுதுகிறவரின் புரிதல்தான் தாளில் இருக்கும்.

'ராமானுஜன் விளக்கமா எழுதினார்?' என்று ஒருவர் வருவார், எப்போதும் வருவார். காகிதம் விலை என்பதால் சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்துவிட்டு, முடிவை மட்டும் நோட்டில் எழுதியவர் அவர். அந்த நோட்டுகளில் இல்லாத நிரூபணங்களைத் தொகுத்து அமெரிக்கக் கணித அறிஞர் புரூஸ் பெர்ன்ட் 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகள் வெளியிடவேண்டியிருந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அப்படி யாரும் வந்து எழுதித் தரப்போவதில்லை.

போர்ஷன் முடியாது என்பவர்களுக்கு: வாரத்துக்குப் பத்து நிமிடம்தான் போகிறது. பத்தாம் வகுப்பில் ஸ்டெப்புக்குத்தானே மார்க் போடுகிறோம்?

தாள்களைத் தூக்கிப் போடாமல் ரப்பர் பேண்ட் போட்டு அலமாரியில் வையுங்கள். அரையாண்டுக்கு இரண்டு வாரம் முன்னால் அவரவர் தாளை அவரவரிடமே கொடுத்து, வேறு நிற மையில் திருத்தச் சொல்லுங்கள். ஒயிட்னர் கூடாது, பழைய வரி அடியில் தெரிந்தால்தான் எங்கே மாறியிருக்கிறது என்று பார்க்கமுடியும்.