நானூறு ரூபாய் போன வழி

2025 செப்டம்பர் 3-ஆம் தேதி ராத்திரி ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டம் முடிந்து புதிய வரி விகிதப் பட்டியல் வெளியானதிலிருந்து என் போன் ஓயவில்லை. வரிக் கணக்கு தாக்கல் செய்து கொடுப்பது என் தொழில். சோப்புக்கு எவ்வளவு, ஏசிக்கு எவ்வளவு, சிமென்ட் 28-லிருந்து 18 ஆனது நிஜமா என்று ஆளாளுக்கு ஒன்று கேட்டார்கள். நிலக்கரியைப் பற்றிக் கேட்டவர் ஒரே ஒருவர். பாய்லர் வைத்துச் சின்னதாகக் காகித ஆலை நடத்துகிறவர்.

"மேடம், நிலக்கரிக்கு 5 சதவீதம் இருந்தது 18 ஆயிடுச்சே. அடி வாங்கப் போறோமா?"

"டன்னுக்கு 400 ரூபாய் செஸ்னு தனியா ஒரு கூடுதல் வரி இருந்துச்சே, அது போயிடுச்சு சார். இந்த 18-ஐ முழுசா கிரெடிட் எடுத்துக்கலாம், நீங்க கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில கழிச்சுக்கலாம்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அப்ப எனக்கு லாபந்தானே?"

லாபம்தான். அவருக்காகச் சந்தோஷப்பட்டேன், நல்ல மனுஷர். போனை வைத்த பிறகு எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. நிலக்கரிக்கு வரியை ஏற்றிவிட்டார்கள் என்று அன்றைக்கு வாட்ஸப் முழுக்கச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. பெரும்பாலும் நடந்தது அதற்கு நேர் எதிர்.

அந்த 400 ரூபாயின் கதை 2010-இல் தொடங்குகிறது. பிரணாப் முகர்ஜி நிதியமைச்சராக இருந்தபோது டன்னுக்கு 50 ரூபாய் என்று நிலக்கரி மேல் ஒரு செஸ் போட்டார். அந்தப் பணம் தனி நிதியாகச் சேர்ந்து காற்றாலை, சூரிய மின்சாரம் போன்றவற்றுக்குப் போகும் என்றார்கள். 2014-இல் அது 100 ஆனது, 2015-இல் 200, 2016-இல் 400. மாசுபடுத்துகிறவனே அதன் செலவையும் ஏற்க வேண்டும் என்பதை நம் நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதியாக உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது 1996-இல். அதுவும் நம் வேலூர்ப் பக்கத்துத் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் பாலாற்றைக் கெடுத்த வழக்கில். அந்த நியாயத்தை ரூபாய்க் கணக்கில் எழுதிய வரியாகத்தான் நான் இந்தச் செஸ்ஸைப் பார்த்தேன்.

பணம் போன இடம் வேறு. 2010 முதல் 2018 வரை வசூலானது 86 ஆயிரம் கோடிக்கு மேல். அதில் அந்த நிதிக்குப் போய்ச் சேர்ந்தது 30 ஆயிரம் கோடிக்கும் குறைவு. திட்டங்களுக்குச் செலவானது 16 ஆயிரம் கோடிக்கும் குறைவு. 2017-இல் ஜிஎஸ்டி வந்ததும் அதே 400 ரூபாய் 'இழப்பீட்டு செஸ்' என்று பெயர் மாறி, மாநிலங்களின் வருவாய் இழப்பை ஈடுகட்டப் போனது. புகைக்காக வாங்கிய காசு புகைக்கே செலவாகாமல் போனபோது, இது எதற்கான வரி என்பதே ஜனங்களுக்கு மறந்துவிட்டது. அதனால்தான் 2025 செப்டம்பர் 22-இல் அது போனபோது, ஏன் என்று கேட்க ஆளில்லை.

இதில் எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. செஸ் எடையைப் பார்த்துப் போட்ட வரி. ஜிஎஸ்டி விலையைப் பார்த்துப் போடும் வரி. வித்தியாசம் சின்னதாகத் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். டன் 1,500 ரூபாய் நிலக்கரி என்றால் பழைய முறையில் 5 சதவீதம் 75 ரூபாய், செஸ் 400, ஆக 475. புதிய முறையில் 270. டன் 4,000 ரூபாய் நிலக்கரிக்கு முன்பு 600, இப்போது 720. ஏறக்குறைய 3,077 ரூபாய்க்குக் கீழே விற்கும் எல்லா நிலக்கரிக்கும் வரி இறங்கிவிட்டது, அதற்கு மேலே ஏறிவிட்டது. மலிவான நிலக்கரி எது? சாம்பல் அதிகம், சூடு குறைவு, ஒரு யூனிட் மின்சாரத்துக்குக் கூடுதலாக எரிக்க வேண்டியது. அதற்குத்தான் சலுகை. ஒரே அளவு செஸ் தரம் குறைந்த நிலக்கரியை அதிகம் பாதிக்கிறது என்று அரசுத் தரப்பே காரணமும் சொன்னது. பாதிக்கத்தானே வேண்டும்? புகையின் மேல் போடும் வரி வேறு எதைப் பாதிக்கும்?

அடுத்தது கிரெடிட். செஸ்ஸில் கொடுத்த பணத்தை, செஸ் கட்டுவதற்கு மட்டும்தான் கழிக்க முடியும். செஸ் இல்லாத பொருளைத் தயாரிக்கும் ஆலைக்கு அது கையைவிட்டுப் போன செலவு. 18 சதவீத ஜிஎஸ்டியோ வரவாகத் திரும்பிவிடும். மின்சாரத்துக்கு ஜிஎஸ்டி இல்லாததால் மின் நிலையங்களுக்கு மட்டும் அந்தக் கிரெடிட் கிடைக்காது. ஆக, பாய்லருக்கும் சிமென்ட் சூளைக்கும் எரியும் நிலக்கரி மேல் இன்று செலவாக நிற்கிற வரி ஏறக்குறைய ஒன்றுமே இல்லை.

அதே 2025 ஜூலையில் இன்னொன்றும் நடந்தது. புகைபோக்கிக்குப் போகும் முன் கந்தக வாயுவைச் சுண்ணாம்புக்கல் கரைசலில் கழுவி எடுக்கும் எஃப்ஜிடி கருவியை அனல்மின் நிலையங்கள் பொருத்த வேண்டிய நிலை 2015 டிசம்பர் விதிகளால் வந்தது. கெடு இரண்டு வருடம். அது தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் பத்து லட்சம் பேர் வாழும் நகரங்களையும் மாசு மிகுந்த பகுதிகளையும் ஒட்டிப் 10 கிலோமீட்டருக்குள் இல்லாத நிலையங்களுக்கு, அதாவது ஐந்தில் நான்கு பங்குக்கு, விலக்கே கொடுத்துவிட்டார்கள். நம் நிலக்கரியில் கந்தகம் குறைவு, கருவிக்கும் மின்சாரம் செலவாகும், சுண்ணாம்புக்கல்லும் கரியமில வாயு விடும் என்ற வாதங்களை நான் ஒதுக்கவில்லை, அவற்றில் உண்மை இருக்கிறது. ஆனால் கந்தக வாயு காற்றில் நுண்துகளாக மாறி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும். அதற்கு 10 கிலோமீட்டர் கோடு போட்டதை என்னால் ஏற்க முடியவில்லை.

நான் வளர்ந்தது வடசென்னைக் கடலோரம். மொட்டை மாடியில் அம்மா வடகம் பிழிந்தால் மேலே இன்னொரு வேட்டியைக் கட்டாயம் போட்டு மூடுவாள். அனல்மின் நிலையத்துச் சாம்பல் கண்ணுக்குத் தெரியும், அதனால் மூடினாள். தெரியாததை எதைக் கொண்டு மூடுவது? இப்போது அவளுக்கு 71 வயது. மாதம் இரண்டாயிரத்துச் சொச்சம் நெபுலைசர் மருந்துக்கே போகிறது. இது இந்தப் புகையால் வந்தது என்று எந்த டாக்டரும் சீட்டில் எழுதித் தர மாட்டார், நானும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அனல்மின் நிலையத்தின் கணக்குப் புத்தகத்தில் ஏறாத செலவு எங்கெங்கோ வீட்டுக் கணக்கில் ஏறிக்கொண்டிருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கரண்ட் பில் ஏறுமே என்பீர்கள். ஏறும். ஒரு யூனிட்டுக்கு 700 கிராம் நிலக்கரி என்று வைத்தால் அந்த 400 ரூபாய் 28 பைசா. ஏழை வீட்டுக்கு அது பாரம்தான். அதனால் 400-ஐ அப்படியே திருப்பிக் கொண்டுவரச் சொல்லி நான் கேட்கவில்லை. நூறு ரூபாய் போடுங்கள், யூனிட்டுக்கு 7 பைசா. எடைக்குப் போடுங்கள், கிரெடிட் கொடுக்காதீர்கள். முக்கியமாக, டெல்லிக்குக் கொண்டுபோகாதீர்கள்.

சுரங்கம் இருக்கும் மாவட்டத்துக்கென்று 2015 முதல் மாவட்டக் கனிம அறக்கட்டளை இருக்கிறது. சுரங்கக்காரர் அரசுக்குக் கட்டும் ராயல்டியோடு சேர்த்து ஒரு பங்கு அங்கே போகிறது. வெட்டி எடுக்கும் ஊருக்கு உண்டு, எரிக்கும் ஊருக்கு இல்லை. 1,000 மெகாவாட் நிலையம் நன்றாக ஓடினால் ஆண்டுக்குச் சுமார் 50 லட்சம் டன் எரிக்கும். டன்னுக்கு நூறு என்றால் 50 கோடி. ஒரு நுரையீரல் ஆஸ்பத்திரி, சுற்றியுள்ள மீனவக் கிராமங்களுக்குக் குடிதண்ணீர், பள்ளிக்கூடக் கூரைகளில் சோலார். வருடா வருடம் 50 கோடி, எரிக்கிற ஊரின் பெயரிலேயே ஒரு கணக்கில்.