பச்சைப் புள்ளியைப் பார்த்து டீமை நடத்த முடியாது

வீட்டிலிருந்து வேலை செய்யும் டீமை நடத்துவது பற்றிப் பேச்சு வந்தாலே, "ஆளுங்க உண்மையிலேயே வேலை செய்றாங்களான்னு எப்படித் தெரியும்?" என்ற கேள்விதான் முதலில் வருகிறது. ஆளுக்கொரு இடத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கும் சாஃப்ட்வேர் டீம்களோடு பல வருடங்களாக இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு டீமை நடத்தினால், அஜைல் (வேலையைச் சின்னச் சின்னதாகப் பிரித்து முடித்து, பார்த்துத் திருத்திக்கொண்டே போகும் முறை) என்பது பெயரளவில்தான் மிஞ்சும். சாட்டில் பெயருக்குப் பக்கத்தில் எரியும் பச்சைப் புள்ளி, எல்லா மீட்டிங்கிலும் கேமரா ஆன் செய்தே ஆக வேண்டும் என்ற கட்டளை, மவுஸ் அசைகிறதா என்று கண்கொத்திப் பாம்பாகப் பார்க்கும் மென்பொருள், எல்லாமே ஆள் இருக்கிறாரா என்று மட்டும் சொல்லும். வேலை எங்கே தேங்கி நிற்கிறது என்று சொல்லாது. டீமை நடத்துபவருக்குத் தெரிய வேண்டியது அதுதான்.

தினமும் நடக்கும் ஸ்டாண்டப் என்ற குறுங்கூட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வீடியோ காலில் பன்னிரண்டு பேர். மேனேஜர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுகிறார். ஒருவர் மியூட்டை எடுத்து, "நேத்து லாகின் டிக்கெட் பார்த்தேன், இன்னைக்கும் அதேதான், நோ பிளாக்கர்ஸ்" என்கிறார். அதாவது, லாகின் என்று பதிவாகியிருக்கும் வேலையில் (அதுதான் டிக்கெட்) தடை எதுவும் இல்லை. மறுபடி மியூட். அடுத்த பெயர். தன் முறை முடிந்தவர் வேறு விண்டோவுக்குப் போய்விடுகிறார். முறை வராதவர் தான் சொல்லப்போவதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நாற்பது நிமிடம் இப்படியே போகிறது. லாகின் கோடை எழுதுபவரும் அதை டெஸ்ட் செய்யப்போகிறவரும் தங்களுக்குள் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள். இருவரும் மேனேஜரிடம் கணக்கு ஒப்பித்துவிட்டுப் போயிருப்பார்கள்.

அஜைலின் ஒரு வகையான ஸ்க்ரம் முறையை உருவாக்கிய கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லேண்டும் எழுதிய வழிகாட்டியைப் படித்தால், இந்தக் கூட்டம் 15 நிமிடம்தான், டெவலப்பர்களுக்கானது என்று தெளிவாகவே இருக்கிறது. ஸ்பிரிண்ட் எனும் சில வார வேலைச் சுற்றின் இலக்கை நோக்கி எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம், இனி செய்ய வேண்டியதில் எதை மாற்ற வேண்டும் என்று அவர்களே பார்த்துக்கொள்வதற்காக வைத்தது. நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், என்ன தடை என்ற அந்த மூன்று கேள்விகளைக்கூட 2020 பதிப்பில் எடுத்துவிட்டார்கள். ஆனால் ரிமோட் டீம்களில் அந்த மூன்று கேள்விகள் இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. காரணம், ஆள் வேலை செய்கிறாரா என்ற சந்தேகத்துக்கு அவை வசதியாக இருக்கின்றன.

ஆட்களை வரிசையாகக் கூப்பிடுவதை விட்டுவிட்டு, போர்டை (டிக்கெட்டுகள் எந்தக் கட்டத்தில் இருக்கின்றன என்று இடமிருந்து வலமாகக் காட்டும் பலகையை) வலது பக்கத்திலிருந்து பாருங்கள். முடியும் நிலைக்கு மிக அருகில் இருக்கும் டிக்கெட் எது? அது ஏன் இன்னும் முடியவில்லை? யார் கை கொடுத்தால் இன்று முடியும்? இப்படிக் கேட்டால் என்ன வெளியே வரும் என்பதற்கு, அடிக்கடி பார்க்கும் ஒன்றைச் சொல்கிறேன். ஒருவர் கோடை எழுதி முடித்து புல் ரிக்வெஸ்ட், அதாவது அதைச் சேர்த்துக்கொள்ளும்படி கோரிக்கை, போட்டுவிட்டார். ரிவியூ செய்ய, அதாவது படித்துச் சரிபார்க்க, வேண்டியவர் வேறு நேர மண்டலத்தில் இருக்கிறார். அவர் எழுந்து பார்க்கும்போது இவர் தூங்கப் போயிருப்பார். அவர் ஒரு கேள்வி கேட்டு வைக்கிறார், பதில் மறுநாள் போகிறது, அதற்கு இன்னொரு கேள்வி வருகிறது. மூன்று நாள் ஓடிவிடும். இந்த மூன்று நாளும் ஸ்டாண்டப்பில் இருவருமே "நோ பிளாக்கர்ஸ்" என்றுதான் சொல்லியிருப்பார்கள். அதில் பொய் எதுவும் இல்லை. எழுதியவர் அடுத்த டிக்கெட்டை எடுத்துவிட்டார், ரிவியூ செய்பவருக்கும் தன் டிக்கெட் இருக்கிறது. ஆளுக்கு ஆள் கேட்டால் இருவரும் பிஸி. டிக்கெட் மட்டும் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கிறது.

எடுத்த வேலையை முடிக்காமல் அடுத்ததை எடுப்பதால் எவ்வளவு நஷ்டம் என்று கணக்காகவே காட்டலாம். 1961-ல் ஜான் லிட்டில் நிரூபித்த ஒரு விதி இருக்கிறது. பாதியில் இருக்கும் வேலைகளின் எண்ணிக்கையை, ஒரு வாரத்தில் முடியும் வேலைகளின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு வேலை முடிய சராசரியாக எத்தனை வாரம் ஆகும் என்று வந்துவிடும். டீம் வாரத்துக்கு 5 டிக்கெட் முடிக்கிறது, போர்டில் 20 டிக்கெட் பாதியில் நிற்கிறது என்றால், ஒவ்வொன்றுக்கும் சராசரி 4 வாரம். அதே வேகத்தில் வேலை செய்துகொண்டே பாதியில் நிற்பதை 10 ஆகக் குறைத்தால் 2 வாரம். யாரும் கூடுதலாக ஒரு மணி நேரம்கூட உழைக்க வேண்டாம். ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரர், "ஏங்க, அந்த ரிவியூ என்னாச்சு?" என்று போகிற போக்கில் கேட்டுவிடுவார். ரிமோட்டில் அந்த வேலையை போர்டில் வைக்கும் வரம்புதான் செய்ய வேண்டும்: போர்டின் ரிவியூ கட்டத்தில் மூன்று டிக்கெட்டுக்கு மேல் சேர்ந்தால் புது டிக்கெட் எடுக்கக் கூடாது, முதலில் ரிவியூவை முடித்துவிட்டு வாருங்கள். இந்த ஒரு விதியைக் கறாராக வைத்திருக்கும் டீம்களில் ஸ்டேட்டஸ் கேட்கும் மெசேஜ்களே குறைந்துவிடுகின்றன.

அப்புறம், எழுதி வைப்பது. "அஜைல்னா நேருக்கு நேர் பேசணும், ரிமோட்டுக்கு அது ஒத்துவராது" என்று வாதிடுபவர்கள் 2001-ல் யூட்டாவின் ஸ்னோபேர்டில் 17 பேர் கூடி எழுதிய அஜைல் அறிக்கையைக் காட்டுவார்கள். தகவலைச் சொல்ல நேருக்கு நேர் பேசுவதே சிறந்த வழி என்று அதன் 12 கொள்கைகளில் ஒன்று சொல்வது உண்மைதான். அதை நான் மறுக்கவில்லை. சிக்கலான விஷயம் என்றால் இன்றைக்கும் ஐந்து நிமிடம் கால் போட்டுப் பேசுவதுதான் நல்லது. ஆனால் அதே அறிக்கை ஆவணமே வேண்டாம் என்று எங்கும் சொல்லவில்லை. ஓடும் மென்பொருளுக்கு அதைவிட மதிப்பு அதிகம் என்கிறது, அவ்வளவுதான்.

எழுதாமல் விட்டால் என்ன ஆகும்? டெவலப்பரும் ப்ராடக்ட் ஓனரும் (என்ன செய்ய வேண்டும் என்று முடிவு செய்பவர்) ஒரு காலில் பேசி, பாதிப் பணத்தைத் திருப்பித் தரும் வசதி இந்த ரிலீஸில் வேண்டாம் என்று முடிவு செய்கிறார்கள். டிக்கெட்டில் அது ஏறவில்லை. டெஸ்டர் பழைய விவரத்தைப் படித்துவிட்டு அந்த வசதி இல்லாததை பக் (பிழை) என்று பதிவு செய்கிறார். இன்னொரு டெவலப்பர் அந்த பக்கை எடுத்து, வேண்டாம் என்று விட்டதை உட்கார்ந்து கட்டுகிறார். டெமோவில் ப்ராடக்ட் ஓனர், "இது எதுக்கு வந்துச்சு?" என்கிறார். ஒரே அறையில் இருந்திருந்தால் அந்தப் பேச்சு டெஸ்டர் காதில் விழுந்திருக்கும். ரிமோட்டில் யார் காதிலும் தானாக எதுவும் விழாது. அதனால் கால் முடிந்ததும் டிக்கெட்டில் நான்கு வரி: என்ன முடிவு, ஏன், எதை வேண்டாம் என்றோம், யார் யார் இருந்தோம். இதற்கு இரண்டு நிமிடம் ஆகும். இதைச் செய்யச் சொல்லி நச்சரிக்கும் டீம் லீடை நான் மதிக்கிறேன்.

டீமின் அளவையும் சொல்ல வேண்டும். 5 பேர் இருந்தால் இருவர் இருவராகப் பேசும் வழிகள் 10. 10 பேர் என்றால் 45. ஆள் கூடக் கூட வழிகள் அதைவிட வேகமாகப் பெருகும். ஆபீஸில் அதில் பாதி காப்பி மெஷின் பக்கத்திலேயே நடந்துவிடும், இங்கே ஒவ்வொன்றுக்கும் மெசேஜ் வேண்டும். ஸ்க்ரம் வழிகாட்டி சொல்லும் 10 பேர் என்ற உச்சவரம்பே ரிமோட்டுக்கு அதிகம் என்பது என் எண்ணம். ஆறேழு பேர் போதும்.

டீமைச் சின்னதாக்கினால் இன்னொரு பக்கம் கவனம் தேவை. மைக்ரோசாஃப்டின் அமெரிக்க ஊழியர்கள் 61,182 பேரின் தகவல்தொடர்புத் தரவுகளை வைத்துச் செய்த ஆய்வு 2021-ல் நேச்சர் ஹியூமன் பிஹேவியர் இதழில் வந்தது. முழுநேர ரிமோட்டுக்குப் போனபின் மக்கள் தங்கள் குழுக்களுக்குள் இன்னும் நெருங்கினார்கள், குழுக்களுக்கு நடுவே இருந்த தொடர்புகள் மெலிந்தன. நான் நேரில் பார்ப்பதும் இதுவேதான். தன் டீமில் எல்லோரும் நன்றாகப் பேசிக்கொள்கிறார்கள் என்று லீட் நிம்மதியாக இருப்பார், பக்கத்து டீம் ஏபிஐயை (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் இணைப்பை) மாற்றியது ரிலீஸ் அன்றுதான் தெரியவரும். ஸ்பிரிண்ட் டெமோவுக்குப் பக்கத்து டீமில் ஒருவரையாவது கட்டாயம் கூப்பிடுங்கள். அவர்கள் டெமோவுக்கு உங்கள் ஆள் ஒருவர் போகட்டும்.

ரெட்ரோவுக்கு (ஸ்பிரிண்ட் முடிவில் எப்படி வேலை செய்தோம் என்று திரும்பிப் பார்க்கும் கூட்டத்துக்கு) ஒரே ஒரு யோசனை: பேசத் தொடங்கும் முன் பத்து நிமிடம் எல்லோரும் பெயர் போடாமல் எழுதட்டும். வீடியோ காலில் ஒரே நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும், அந்த ஒருவர் எப்போதும் அதே இரண்டு பேராக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது புதிதாகச் சேரும் பிள்ளைகள்தான். ஆபீஸில் திரும்பி, "அக்கா, இது ஏன் ஓட மாட்டேங்குது?" என்று கேட்டிருப்பார்கள். இப்போது அதை மெசேஜாக டைப் செய்து, அழித்து, மறுபடி டைப் செய்து, சீனியர் மீட்டிங்கில் இருப்பதாக ஸ்டேட்டஸ் காட்டுவதைப் பார்த்துவிட்டு, தானே நாலு மணி நேரம் முட்டி மோதுகிறார்கள். "சந்தேகம் இருந்தா எப்ப வேணும்னாலும் கேளுங்க" என்று சொல்வதால் இது தீராது. தினமும் ஒரு மணி நேரம் ஒரு சீனியர் வீடியோ காலைத் திறந்து வைத்துக்கொண்டு தன் வேலையைச் செய்யட்டும், யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து ஸ்கிரீனைப் பகிரட்டும். அந்த நேரத்தை சீனியரின் ஸ்பிரிண்ட் கணக்கில் வேலையாகவே எழுத வேண்டும். எழுதாவிட்டால் இரண்டு வாரத்தில் அந்த கால் காலெண்டரிலிருந்து காணாமல் போகும்.

சரி, உண்மையிலேயே வேலை செய்யாமல் ஏமாற்றுபவர் இருந்தால்? இருப்பார்கள்தான். டிக்கெட்டுகளைச் சின்னதாக, இரண்டு மூன்று நாளில் முடிகிற அளவில் பிரித்து வைத்திருந்தால், ஒருவர் கையில் எதுவுமே நகரவில்லை என்பது ஒரு ஸ்பிரிண்டுக்குள் போர்டிலேயே தெரிந்துவிடும். அப்போது அவரைத் தனியாகக் கூப்பிட்டு, என்ன நடக்கிறது என்று நேராகக் கேளுங்கள். வீட்டில் உடம்பு சரியில்லாதவர் இருக்கலாம், வேலையே புரியாமல் இருக்கலாம், மனசு விட்டுப்போயிருக்கலாம், ஏமாற்றவும் செய்யலாம். எதுவாக இருந்தாலும் அது அந்த ஒருவரோடு பேச வேண்டிய பேச்சு. அவருக்காக மற்ற எல்லோருக்கும் கேமரா கட்டாயம் என்று போடாதீர்கள்.